பின்னணியில் காஞ்சனா

எல்லப்பன் மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகத்துக்கு நேராகத் தன் போனை நீட்டினார். அன்று ஆடிப் பரணி. மறுநாள் கிருத்திகை என்பதால் மலைக்குப் போகும் ரோடு முழுக்கக் காவடிகள். பம்பைச் சத்தம் எங்கள் வீட்டுச் சமையலறைப் பாத்திரங்கள் வரை வந்து அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்ததில் மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் யாரோ பூசிவிட்ட விபூதி வேர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை.

"வள்ளி, யார் வந்துகீறா பாரு."

அம்மா சோற்றுக் கையைத் தட்டுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி குனிந்து பார்த்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். போனில் என் அக்கா காஞ்சனா இருந்தாள். கல்யாணப் புடவையில், கழுத்தை லேசாகச் சாய்த்து, யாரையோ கேலி செய்ய வாயெடுத்தவள் போல. போன புரட்டாசியில் அவளை எரித்தோம். அவள் முகத்தின் மேலேயே பெரிய எழுத்தில் "பரணிதரன் – மோனிகா திருமண அழைப்பிதழ்" என்று எழுதியிருந்தது. சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கடையின் ஷட்டரை இறக்குவது போல மேலிருந்து வேறொரு படம் கீழே இறங்கியது. காஞ்சனாவின் நெற்றி மறைந்தது, கண்கள் மறைந்தன, கடைசியில் தாடையும் மறைந்தது. அந்த இடத்தில் அவள் புருஷன் பரணிதரன், கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு பெண்ணின் தோளில் கை வைத்து நின்றிருந்தான்.

"பூவாட," என்றார் மாமா. குரலை ரகசியம் போலத் தாழ்த்திக்கொண்டார். "கூப்புடாமயே வந்துட்டாம்மே. எல்லார் போன்லயும் வரா. எங்கூட்டுக்காரி கற்பூரம் ஏத்திட்டா."

அம்மா இடது கையால் முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கு மாமாவின் செருப்பையும், அது எங்கள் தரையில் பதித்திருந்த சேற்றையும் பார்க்கத்தான் தோன்றியது.

எங்கள் பக்கத்தில் தாலியோடு செத்துப்போகிற பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். அந்த வீட்டில் பிறகு எந்த நல்ல காரியம் நடந்தாலும் முதல் அழைப்பு அவளுக்குத்தான். செம்பெடுத்துக்கொண்டு தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்து வந்து, செம்புக்குப் புதுப் புடவை சாத்திப் படைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்தக்கால். புருஷன் மறுகல்யாணம் செய்துகொண்டாலும் அப்படித்தான், அதற்குத்தான் முக்கியமாக. உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல புடவைக்கு வழியில்லாமல் வைத்திருந்தவளைச் செத்த பிறகு சாமியாக்கிக் கும்பிடும் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அம்மாவுக்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. பரணிதரனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மா அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அவள் வாழ்ந்த வீட்டில் அவளுக்குப் பூவாடை வைக்கச் சொல். ஆண் துணையில்லாமல் நாம் போய்க் கேட்டால் எடுபடாது என்று எல்லப்பன் மாமாவைத்தான் தூது அனுப்பினாள். மாமா போனார், காபி குடித்தார், "யோசிச்சி சொல்றேன்னாம்மா" என்று திரும்பி வந்தார்.

மாமாவின் தூதுகளைப் பற்றி எனக்குத் தெரியும். அக்காவின் காரியம் முடிந்து வந்த முதல் அமாவாசையன்று அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "வெளிய தேடுவானேன், ஹேமா கீறாளே. அக்கா எடத்துல தங்கச்சி. நம்ம பக்கத்துல நடக்காததா?" என்றவர். நான் அடுப்படியில் இருந்தேன். அங்கிருந்தே சொன்னேன்: "பாவா கடையில பழைய பத்திரிகையில பேர மட்டும் மாத்திப் புதுசுன்னு குடுப்பாரே மாமா, அந்த மாதிரியா?" மாமாவுக்கு அது விளங்கவில்லை. பழத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா புருஷன் என்பதால் பரணிதரனை நான் பாவா என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அந்த வார்த்தை எழுதவும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவனுக்கு ஒரு கடை உண்டு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் இணையத்தில் அழைப்பிதழ் பக்கம் செய்து கொடுப்பான். லிங்கை வாட்ஸப்பில் அனுப்பினால் போதும், திறந்து பார்க்கலாம். அவனும் அக்காவும் அரக்கோணத்தில் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்கள். அவளுக்குப் படித்தது கையில் தங்கியது. அவனுக்கு சர்டிபிகேட் சுவரில் தங்கியது. கடையின் முன்பக்கத்தில் உட்கார்ந்து "பண்ணிடலாம் சார், சூப்பரா பண்ணிடலாம்" என்று சொல்வது அவன் வேலை. தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பண்ணுவது அவள் வேலை. பக்கத்தின் அடியில் "வடிவமைப்பு: பரணிதரன்" என்று வரும். அதையும் அவள்தான் டைப் அடிப்பாள்.

நான் இ-சேவை மையத்தில் வேலை முடித்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். வருமானச் சான்று, சாதிச் சான்று என்று பகல் முழுக்கக் கட்டங்களை நிரப்பிவிட்டு வரும் எனக்கு அவள் திரையைப் பார்ப்பது ஆறுதலாக இருக்கும். எழுத்துக்குப் பின்னால் படத்தை வைப்பதில் அவள் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் அதில் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. சும்மா விட்டால் சின்னப் படம் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி பக்கம் முழுக்க அடுக்கடுக்காக வந்து நிற்கும். ஒரு தடவை மட்டும் வா என்று சொல்ல வேண்டும். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். திரையை முழுதாக மூடு என்றால் மூடும், ஆனால் போன் குறுகலாக இருப்பதால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும்.

"ஓரத்துல நிக்கறவன் போவான். அவ்ளோதான்," என்பாள்.

அவர்களுடைய சொந்தக் கல்யாணப் பக்கத்தில் அப்படிப் போனவன் பரணிதரன். கம்ப்யூட்டரில் திறந்தால் இருவரும் இருப்பார்கள். போனில் திறந்தால் நடுவில் காஞ்சனா மட்டும். அவனுடைய ஒரு தோளும், வாட்ச் கட்டிய ஒரு கையும் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். "இன்னாடி இது, என் கல்யாணத்துல நானே இல்ல," என்று கத்தினான். "மாத்தறேன்," என்றாள். மாற்றவேயில்லை. அந்த ஒரு பழிவாங்கலைத் தவிர வேறெதுவும் அவள் அவனுக்குச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவள் போன அன்று அவன் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வீட்டுக்கு வருவதற்குள் பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றுவிட்டது. ஆளுயரத்துக்கு அவள் முகம். அடியில் கடையின் பெயர், இரண்டு போன் நம்பர்கள், "அனைத்து விசேஷங்களுக்கும் அணுகவும்." திருப்பதி பஸ்ஸுக்கு நின்றவர்கள் அதைப் படித்துவிட்டு எங்களைப் படித்தார்கள்.

இப்போது இந்தப் பக்கம். மாமா போன பிறகு என் போனில் திறந்து பார்த்ததுமே விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. அவன் தன் புதுக் கல்யாணத்துக்குப் பழைய கல்யாணப் பக்கத்தையே எடுத்திருக்கிறான். பெயரை மாற்றியிருக்கிறான், தேதியை மாற்றியிருக்கிறான். பின்னால் இருந்த படத்தை எடுக்க எந்த வரியைத் தொடுவது என்று தெரியவில்லை. தொட்டால் மொத்தமும் சரிந்துவிடுமோ என்று பயம். அதனால் அதற்கு மேலேயே புதுப் படத்தைப் போட்டு மூடிவிட்டான். போட்டோகிராபர் கேமராவிலிருந்து கொடுத்ததை அப்படியே, ஒரு துளி குறைக்காமல். அது அரிசி மூட்டை கனம். கடையின் வேகமான லைனில் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். அடியில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கிருத்திகைக் கூட்டத்தில் ஊரே மலையடிவாரத்தில் நின்று ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது, கனமான படம் நொண்டி நொண்டித்தான் வரும். அக்கா குறைத்துச் சின்னதாக்கி வைத்திருந்த படம் முதலில் வந்து நின்றுவிடும். இவ்வளவுதான். சாமியும் இல்லை, பூதமும் இல்லை. ஒரு சோம்பேறி, ஒரு கல்யாணம், ஒரு டவர்.

சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"ஹேமா, ஒரு சின்ன ஹெல்ப்பும்மா. அந்தப் பேஜ்ல அடியில இன்னாவோ மாட்டிகினு கீது. நீ அவ கூடவே உக்காந்து பாத்தவ. எடுத்துடேன். மோனிகா வீட்ல ஒரு மாதிரி பேசறாங்க."

"இன்னாவோன்னா?"

"அதாம்மா... பழைய படம்."

"எங்கக்கான்னு சொல்லு."

போனில் பம்பைச் சத்தம் கேட்டது. அவன் பக்கத்துச் சத்தமா, என் பக்கத்துச் சத்தமா என்று தெரியவில்லை. பாஸ்வேர்டை அனுப்பிவிட்டு வைத்துவிட்டான்.

அன்று நான் எதையும் தொடவில்லை. மறுநாள் காலை எழுந்தால் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அவன் ஒரு செய்தி போட்டிருந்தான். தன் முதல் மனைவியின் ஆசியில்லாமல் தன் வாழ்க்கையில் எதுவும் இல்லை என்றும், அதனால் நவீன முறையில் பூவாடை வழிபாடாகவே இந்தப் பக்கத்தை வடிவமைத்திருப்பதாகவும், அதைப் புரிந்துகொண்டு கண்ணீர் விட்ட உறவுகளுக்கு நன்றி என்றும். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். எல்லப்பன் மாமா மட்டும் தனியாக ஒரு மாலைப் படமும் போட்டிருந்தார். செய்தி அழகான தமிழ். யாரிடமோ எழுதி வாங்கியிருக்க வேண்டும். தவறு வெளியே தெரிந்தால் வெட்கப்படுவார்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அதன் மேல் ஏறி நின்று மாலை வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை.

உடனே அவனிடமிருந்து எனக்கு ஒரு வரி தனியாக வந்தது: "எடுக்காத. அப்படியே இருக்கட்டும்."

அம்மா தானே அவனுக்குப் போன் போட்டாள். தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மாப்ள, எல்லாரும் சொல்லிகினு கீறாங்க. சந்தோசம். அப்ப படையல் என்னிக்கு வெக்கறீங்க? நானே வந்து எல்லாம் செஞ்சி தரேன்."

"அத்த, அதான் பேஜ்லயே வெச்சிட்டேனே. ஊரே பாத்துகினு கீது. வூட்ல வெச்சா நாலு பேருதான் பாப்பாங்க. மோனிகா வீட்ல இதெல்லாம் பழக்கமில்ல அத்த, தப்பா எடுத்துக்காதீங்க."

"ஆங்," என்றாள் அம்மா. போனைக் கட் செய்யவும் அவளுக்குத் தெரியவில்லை. அவன் அந்தப் பக்கம் யாரிடமோ "கெழவிக்கு வேற வேலயில்ல" என்றதும் எங்களுக்குக் கேட்டது.

அன்று மத்தியானம் நான் அக்காவின் லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படத்தை எடுத்துவிட்டால் அவன் பேச்சுக்கு ஆதாரம் போய்விடும். படையலைத் தட்டிக்கழிக்க அவன் வேறு சாக்குத் தேட வேண்டும். ஆனால் அவள் கையால் செய்ததில் அவள் முகத்தோடு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். எடுத்தால் நானே அவளை இரண்டாவது தடவை எரிக்கிறேன். எடுக்காவிட்டால் அவன் கல்யாணத்துக்கு அவள் தோரணம். ஃபைலைத் திறந்து, அந்த வரியைப் பார்த்து, திரும்ப மூடினேன். திரும்பத் திறந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். அரக்கோணத்திலிருந்து மொட்டைகளுக்கும் காவடிகளுக்கும் நடுவில் ரயிலில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும். துப்பட்டா முழுக்க மஞ்சள் தண்ணீர். கையில் ஜவுளிக்கடைப் பை. நகங்களுக்கு ஒரு பளபளப்புச் சாயம். மோனிகா என்ற பெயரைக் கேட்ட நாளிலேயே அவளைப் பற்றி எல்லாம் முடிவு செய்துவிட்டிருந்தேன். அந்த நகங்கள் அதற்கு ஒத்தாசையாக இருந்தன.

"நான் மோனிகா," என்றாள் வாசலில் நின்று.

"தெரியும். ரெண்டு நாளா மேலருந்து கீழ எறங்கிகினு தான கீற."

அவள் முகம் சிவந்தது. ஆனால் போகவில்லை. "நான் வர்றதுக்கு லேட்டாவுதுல்லக்கா," என்றாள். "எங்க தெருவுல சிக்னலே நிக்காது. என் போன்லயும் அவங்கதான் மொதல்ல வந்தாங்க. ரொம்ப நேரம் இருந்தாங்க."

"வேணும்னே வெச்சதா குரூப்ல போட்டிருக்கானே, பாக்கல?"

"பாத்தேன். என்னான்ட வைரஸ்னு சொன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இருவரும் உடனே நிறுத்திக்கொண்டோம். அவளோடு சேர்ந்து சிரித்ததற்காக அவள் மேல் எனக்குக் கோபம்தான் அதிகமானது. அம்மா உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்தாள். யார் என்று யாரும் சொல்லவில்லை, பார்த்ததும் தெரிந்துகொண்டாள். செம்பைக் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும் வரை நின்றாள்.

"பூவாட எங்க வீட்லயும் உண்டும்மா," என்றாள் மோனிகா அம்மாவிடம். "பழக்கமில்லன்னு அவரா சொல்லிகினு கீறாரு. அது வெக்காம என்ன அந்த வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்றாங்க எங்கம்மா. நானே பொடவ எடுத்துகினு வந்துட்டேன். இங்க உங்க வீட்லயே வெச்சிடலாமா?"

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "இங்க வெச்சா எங்க பொண்ணு எங்களான்டயே திரும்பி வந்துட்டான்னு ஆயிடும்மா. அவ வாழ்ந்த வூடு அது. அவளுக்கு அங்கதான் எடம். அவன் செம்பு தூக்கி அவளப் பேர் சொல்லிக் கூப்புடணும்."

"கேட்டா பேஜ காட்றாரு."

"ஆங். எனக்கும் அதத்தான் காட்னாரு."

மோனிகா என் மடியில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். "அத எடுத்துடுங்கக்கா. அது இல்லன்னா அவரு காட்றதுக்கு ஒண்ணும் இருக்காது. வூட்ல வெச்சாத்தான் தாலின்னு நான் சொல்லிக்கிறேன்."

"சொல்றது சுலபம். எடுத்தா அவ அதுல இல்ல."

"இப்ப மட்டும் இருக்காங்களா?" என்றாள். குரலில் துடுக்கில்லை, உண்மையாகவே கேட்டாள். "நாளைக்குக் கூட்டம் கொறஞ்சி நெட் நல்லா வந்துட்டா அவங்க இல்லியே."

அந்த நகங்களோடு அவள் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னணியில் அக்காவின் படத்தைக் கூப்பிடும் வரியை அழித்து, சேமித்தேன். யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

"இன்னும் வராளான்னு பாரு உன் போன்ல," என்றேன் மோனிகாவிடம், மரியாதையில்லாமல்.

அவள் பழையதை மூடிவிட்டு லிங்கைப் புதிதாகத் திறந்தாள். வட்டம் சுற்றியது. வெள்ளையாக வரும், அதன் மேல் எழுத்து நிற்கும் என்று நினைத்துத்தான் நாங்கள் மூவரும் குனிந்தோம். வெள்ளையாக வரவில்லை. எழுத்துக்குப் பின்னால் போன் முழுக்கக் கத்திரிப்பூ நிறம் வந்து நின்றது. ஒரு கறை இல்லாமல், விளிம்பு வரை, ஆழமாக.

நான் ஃபைலைத் திரும்பப் பார்த்தேன். அழித்த வரிக்கு மேலேயே இருந்தது. படத்தையே தேடிக்கொண்டிருந்த என் கண்ணில் பட்டிருக்கவில்லை. படம் வந்து சேராமல் போனால் பின்னால் நிற்கட்டும் என்று அவள் வைத்த நிறம். படம் வராமல் போனதில்லை என்பதால் யாரும் அதைப் பார்த்ததில்லை.

"இந்தக் கலரு," என்றாள் அம்மா. விரலை நீட்டினாள், திரையைத் தொடவில்லை. "கண்ணாலப் பொடவைக்கு இதத்தான் கையில எடுத்தா. கருப்பா தெரியறன்னு கடையில எல்லார் எதிர்லயும் சொல்லிட்டான். அப்பறம் அவன் காட்ன செவப்பு எடுத்தா. எனக்கு எதுவா இருந்தா இன்னாம்மான்னா."

எனக்கு இது தெரியாது. அவள் பக்கத்திலேயே அத்தனை நாள் உட்கார்ந்திருந்தும் தெரியாது.

மோனிகா ஜவுளிக்கடைப் பையைத் திறந்து உள்ளே பார்த்தாள். நானும் பார்த்தேன். மாம்பழ மஞ்சள், பச்சை பார்டர். படையலுக்கு எல்லாரும் எடுப்பது. பையின் வாயைச் சுருட்டி மூடினாள்.

"இங்க பொடவக் கட எத்தினி மணி வரைக்கும் தொறந்திருக்கும்?" என்றாள்.

"கிருத்திக அன்னிக்கு எவன் மாத்திக் குடுப்பான்?" என்றேன். "பில் வெச்சிருக்கியா? அரக்கோணத்துக் கடப் பைய எடுத்துகினு இங்க வந்து நின்னா தொரத்துவாங்க."

"வேற எடுத்துக்கறேன். இது நான் கட்டிக்கறேன்."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். சந்தின் முனையில் காவடிகள் ஒன்றின் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. யாரும் வழி விடவில்லை. அவள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைக்காரனுக்குக் காட்ட வேண்டிய நிறம் அணைந்துவிடாமல் திரையை அடிக்கடி விரலால் தொட்டுக்கொண்டு, போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி உள்ளே நுழைந்தாள். மயிலிறகுகளுக்கும் பூச்சரங்களுக்கும் நடுவில் அந்தக் கத்திரிப்பூச் சதுரம் மட்டும் கொஞ்ச தூரம் வரை தெரிந்தது. அதன் மேல் இறங்க வேண்டிய படம் இன்னும் வந்து சேரவில்லை.